துரைக்குப் பொங்கிய சனிக்கிழமை

எங்கள் வீட்டில் ‘அவர்’, ‘இவர்’ என்று மரியாதை கொடுத்துப் பேசப்பட்ட ஒரேயொரு இங்கிலாந்துக்காரர் ஒரு குதிரை. பந்தயப் பதிவேட்டில் அவருக்கு மூன்று சொற்களில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. அப்பா அதைச் சொல்லிப் பார்ப்பார். நடுச்சொல்லில் நாக்கு இடறும். இரண்டாம் சனிக்கிழமையே அதைக் கைவிட்டுவிட்டுத் ‘துரை’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். இங்கிலாந்தில் பிறந்தவர், நிறம் சிவப்பு, யாரையும் கவனிக்காமல் தன்பாட்டில் நிற்பார், வேலை எதுவும் செய்யமாட்டார், சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வரவேண்டும். துரையாக இருப்பதற்கு வேறென்ன தகுதி வேண்டும் என்று அப்பா கேட்பார்.

நாங்கள் அப்போது டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா கிழமை நாட்களில் பிளாஸ்டிக் வாளிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து, நகரத்துக்கு வெளியே இருந்த குதிரைப் பண்ணை ஒன்றுக்குப் போவார். டேனிஷ் பிள்ளைகள் குதிரை ஓடப் பழகும் இடம் அது. அங்கே லாயம் கூட்டி, லத்தி அள்ளி, புது வைக்கோல் பரப்பிவிட்டு வருவார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் சனிக்கிழமையும் வேலை. என்னை வீட்டில் தனியே விடக்கூடாது என்பதால் நானும் அப்பாவோடு பஸ்ஸில் ஏறுவேன்.

என்னால் அங்கே ஒரு பிரயோசனமும் இருந்தது. அப்பாவின் டேனிஷ் மொழி தொழிற்சாலை டேனிஷ். எடு, வை, பொறு, முடிந்தது என்பதற்கு மேல் போகாது. பண்ணை உரிமையாளர் ஏதாவது நீளமாகச் சொல்லத் தொடங்கினால் நான் நடுவில் போய் நிற்பேன். அந்தப் பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அப்பாவுக்கு வாய் வரவில்லை. ‘மேடம்’ என்றார். முதல்நாள் மேடம் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு பழகிவிட்டார்.

அப்பாவுக்குக் குதிரை தெரியாது, மாடு தெரியும். யாழ்ப்பாணத்தில் அவர் பிறந்த வீட்டில் சவாரி மாடுகள் கட்டியிருந்தார்களாம். சும்மா பாரம் இழுக்கிற மாடுகள் இல்லை. வண்டிலில் பூட்டிப் பந்தயம் விடுவதற்கென்றே முட்டையும் உழுந்தும் ஊட்டி வளர்க்கிற மாடுகள். ஊரைப் பற்றி அதிகம் வாய்திறக்காத அப்பா இந்த மாடுகளைப் பற்றி மட்டும் நிறுத்தாமல் கதைப்பார். பந்தயம் ஓடுகிற மிருகத்தின் மனம் தனி மனம் என்பார். நாலு கால் இருக்கிறது, ஓடுகிறது, அப்புறம் மாட்டுக்கும் குதிரைக்கும் என்ன வித்தியாசம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் நானும் சேர்ந்திருந்தேன். இந்தக் கதையின் கேடு அங்கேதான் தொடங்கியது.

சேணங்கள் தொங்கும் அறையில் துரையின் அல்பம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் அவரை வைத்திருந்தவர்கள் பத்திரிகைத் துண்டுகளையும் படங்களையும் ஒட்டி, குதிரையோடு சேர்த்து அனுப்பியது. தேநீர் நேரத்தில் மேடம் அதை விரிப்பார். முதற்பக்கத்தில் துரையே இல்லை. பழுப்பேறிய படத்தில் வேறொரு குதிரை வேலிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், வேலிகளையும் தண்ணீர்ப் பள்ளங்களையும் தாண்டி ஓடும் பந்தயங்களில் எட்டுக் குளிர்காலம் ஓடிய பெண் குதிரை அது. துரைக்குத் தாய் வழியில் ஐந்தாறு தலைமுறைக்கு முந்திய உறவு என்றார் மேடம். பெரிய பந்தயம் எதையும் அது வென்றதில்லை. இரண்டு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறது. ஒருமுறை பள்ளத்துக்குள் விழுந்து, எழும்பி, சேறு வழிய நின்று, விழுந்த ஆளை மீண்டும் ஏற்றிக்கொண்டு ஓடி முடித்திருக்கிறது.

“கடைசியில அவவுக்கு என்ன நடந்ததாம்? கேள் பிள்ளை,” என்றார் அப்பா.

கேட்டேன். ஓட்டம் முடிந்த பிறகு சொந்தக்காரர் அதைத் தன் புல்வெளியிலேயே விட்டிருந்தார், கிழடாகித் தானாகச் செத்தது என்றார் மேடம். அன்று முழுவதும் அப்பா சந்தோஷமாக இருந்தார். முன்பின் தெரியாத ஒரு குதிரை எழுபது வருஷத்துக்கு முன் நல்லபடியாகச் செத்ததில் இவருக்கென்ன என்று எனக்கு விளங்கவில்லை.

துரையின் சொந்தச் சரித்திரம் இரண்டாம் பக்கத்தில் தொடங்கியது. அதைச் சரித்திரம் என்று சொல்வதற்கே பெரிய மனம் வேண்டும். இங்கிலாந்தின் வடக்கில் ஓர் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவர். முதற் பந்தயத்தில் மூன்றாவது வேலியில் விழுந்தார். இரண்டாவதில் தண்ணீரைக் கண்டதும் சடாரென்று நின்று, ஓட்டியை மட்டும் அக்கரைக்கு அனுப்பினார். முப்பத்தொரு தடவை ஓடி மூன்று தடவை வென்றார். மூன்றும் சின்ன ஊர்கள், மூன்றும் மழை நாட்கள். மற்றக் குதிரைகள் சேற்றில் வழுக்கியதுதான் காரணம் என்று ஒரு பத்திரிகை இரக்கமில்லாமல் எழுதியிருந்தது.

அப்பாவுக்குப் பிடித்தது நாலாவது வெற்றி. அது கணக்கில் வராத வெற்றி. பாதி வழியில் ஓட்டி கழன்று விழுந்துவிட்டார். துரை அதைப் பொருட்படுத்தாமல் மிச்ச வேலிகள் எல்லாவற்றையும் தனியே தாண்டி, எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தார். ஆள் இல்லாமல் வந்தால் பரிசு இல்லை. படத்தில் வெறும் சேணத்தோடு, காதுகளை முன்னே நீட்டிக்கொண்டு வருகிறார். அப்பா அந்தப் பக்கத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு இருப்பார்.

“ஒருத்தரும் அடிக்கேல்லை, ஒருத்தரும் பிடிக்கேல்லை. தானா ஓடினவர். பாத்தியே பிள்ளை?”

பிறகு முன்னங்காலில் தசைநார் கிழிந்தது. ஒரு வருஷம் நின்றார். திரும்ப இரண்டு தடவை ஓடி இரண்டிலும் பின்தங்கினார். டென்மார்க்கில் இப்படியான பந்தயங்களை வளர்க்கப்போகிறேன் என்று கனவு கண்டுகொண்டிருந்த ஒருவர் அவரை வாங்கிக் கப்பலில் எஸ்பியர்க் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார். கனவு ஒரு வருஷத்தில் முடிந்தது. வேலி தாண்டிப் பழகிய குதிரைக்கு இங்கே தாண்ட வேலி இருக்கவில்லை. அதற்குப் பிறகு மேடத்தின் பண்ணையில் ஒன்பது வருஷம் சின்னப் பெண்பிள்ளைகளை முதுகில் சுமந்து வட்டம் சுற்றினார். நிலத்தில் ஒரு தடி கிடந்தால் போதும், பிள்ளையையும் கொண்டு பாய்வாராம். நாங்கள் அவரைக் கண்டபோது இருபத்துநாலு வயது. பல் தேய்ந்து, முதுகு குழிந்து, அந்தப் பழைய காலை நொண்டிக்கொண்டு நின்றார். அப்பா பக்கத்தில் போனால் மட்டும் தலையைத் தூக்கி அவருடைய ஜாக்கெட் பொக்கற்றுக்குள் மூக்கை விடுவார். அதற்குள் எப்போதும் ஒரு கரட் இருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் துரையைப் பற்றி அளந்த அளப்புக் கொஞ்சமில்லை. என் அப்பா இங்கிலாந்துப் பந்தயக் குதிரையின் பொறுப்பாளர் என்று வகுப்பில் சொன்னேன். வாளித் தொழிற்சாலையைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருஷம் மார்கழியில், சவாரி பழக வருகிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர் லாயத்தில் கதைத்துக்கொண்டதைக் கேட்டேன். இனித் துரைமேல் யாரும் ஏறமுடியாது என்றாள் ஒருத்தி. ஏறமுடியாத குதிரையை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்றாள் மற்றவள். பிறகு என்ன நடக்கும் என்று நான் கேட்டேன். லொறி வரும் என்றார்கள். லொறி எங்கே கொண்டுபோகும் என்பதைப் பெரியவர்கள் போலத் தோளை உயர்த்திக் காட்டினார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். அன்று மேடம் நீளமாக ஏதோ கதைத்தாராம். கையாலும் காலாலும் விளங்கிக்கொண்டேன் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது கேட்டது. என்ன கதை என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு என் திட்டம் இருந்தது. துரைக்குப் பலம் வரவேண்டும். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒரேயொரு தடியை அவர் தாண்டிக் காட்டினால் லொறி வராது. அவ்வளவுதான் விஷயம் என்று நம்பினேன்.

தை பிறந்ததும் அப்பா வீட்டில் அறிவித்தார், இந்த முறை பட்டிப்பொங்கல் துரைக்கு என்று. பொங்கலுக்கு அடுத்த நாள் மாடுகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, அவற்றுக்கென்று பொங்கிக் கொடுக்கிற நாள். டென்மார்க்கில் எங்களுக்கு மாடும் இல்லை, பட்டியும் இல்லை. அந்த வருஷம் பொங்கல் வந்ததோ கிழமை நடுவில், வேலை நாளில். இங்கே எங்கள் தெய்வங்கள் எல்லாமே சனிக்கிழமை வரும்வரை பொறுத்திருக்கப் பழகிவிட்டன.

“இஞ்ச மனிசருக்குப் பொங்கவே நேரமில்லை. உங்கட குதிரைக்குப் பொங்கல் கேக்குதோ?” என்றார் அம்மா.

“ஒருக்கா, இந்த ஒருக்கா,” என்றார் அப்பா.

அம்மா அதற்குமேல் பேசவில்லை. வழக்கத்துக்கு மாறாக அவ்வளவு சுருக்காக அவர் அடங்கிப்போனதை நான் கவனித்திருக்கவேண்டும். சனிக்கிழமை விடிய முதல் எழும்பிப் பயறு வறுத்து, சர்க்கரையும் முந்திரிகை வற்றலும் போட்டுப் பொங்கி, பெரிய பானையைக் குளியல் துவாயால் சுற்றித் தந்துவிட்டு வேலைக்குப் போனார். மாலைக்குப் பூ கிடைக்கவில்லை. நத்தாருக்கு, கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிட, பள்ளிக்கூடத்தில் நான் பின்னிய சிவப்பு வெள்ளைக் கடதாசி இதயங்கள் பதினெட்டு இருந்தன. அவற்றைக் கம்பளி நூலில் கோத்து மாலை ஆக்கினேன். பஸ்ஸில் அப்பாவின் மடியில் பானை, என் மடியில் மாலை. பானை மணத்துக்குச் சாரதி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

“அப்பா, பொங்கல் திண்டா உங்கட மாடுகள் நல்லா ஓடுமோ?”

“பின்னை? பொங்கல் திண்ட மாடு ஓடேக்க பாக்கோணும். பானையோட வைச்சாலும் போதாது அதுகளுக்கு.”

வெளியே வயல்கள் உறைந்து வெள்ளையாகக் கிடந்தன. துரையை அப்பா வெளியில் கொண்டுவந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து முகமும் கழுத்தும் துடைத்தார். நெற்றியில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். நான் கதிரை ஒன்றில் ஏறி மாலையைப் போட்டேன். துரை ஓர் இதயத்தைக் கடித்துப் பார்த்துத் துப்பினார். மேடம் குளிர் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். கர்ப்பூரம் கொளுத்தவேண்டாம், வைக்கோல் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். அப்பா பானையைத் திறந்து, ஒரு பிடி சோற்றை எடுத்து உருட்டி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். துரை அதை உதட்டால் தடவி எடுத்தார். அந்தத் தேய்ந்த பல்லுக்குக் குழைந்த சோறு சுகமாக இருந்திருக்கவேண்டும். இன்னும் வேண்டும் என்று அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். அப்பா பானையை மூடிவிட்டார்.

“அப்பா, துரை இனி ஓடுவாரோ?”

அவர் துரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: “ஓம் பிள்ளை. நல்லா ஓடுவார்.”

மிச்சத்தைச் சேண அறையில் வைக்கச் சொன்னார். மத்தியானம் பண்ணையில் இருப்பவர்களுக்குக் கடதாசித் தட்டில் கொடுக்கலாம் என்றார். மேடம் உள்ளே போனார். அப்பா தள்ளுவண்டியோடு அந்தப்பக்க லாயத்துக்குப் போனார்.

நான் பானையைச் சேண அறைக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு பிடி சோற்றில் என்ன பலம் வரப்போகிறது? துரை நின்ற லாய அறைக்குள் போய்ப் பானையை நிலத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். எட்டுப் பேர் சாப்பிடக்கூடிய சோறு. அவர் தலையை உள்ளே விட்டவர் எடுக்கவேயில்லை. பானை நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டியது. கடைசியில் அடியில் பிடித்திருந்ததையும் நக்கி முடித்து, மூக்கு முழுக்கச் சோறாக என்னைப் பார்த்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உலகத்தில் நான் செய்த மிகப் பெரிய காரியம் அது என்று நினைத்தேன். பிறகு பானையைத் துவாயால் சுற்றி, கொண்டுபோய் வைக்கவேண்டிய இடத்தில் வைத்தேன்.

மாடு தின்றதை வைத்து ஆறுதலாக அசைபோடும். குதிரையால் அது முடியாது. பிழையாகத் தின்றதை வெளியே எடுக்கவும் முடியாது. குதிரைக்கு வாந்தி வராது. கிழட்டுக் குதிரை, உறைகிற குளிரில் தண்ணீரும் குறைவாகக் குடிக்கிற குதிரை, பழக்கமில்லாத சோற்றைக் குடல் நிறையத் தின்றால் அது அங்கேயே அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்று கண்டது, பதினொரு மணியளவில் துரை முன்னங்காலால் நிலத்தைக் கிளறத் தொடங்கியதுதான். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தார். படுத்தார், எழும்பினார், மீண்டும் படுத்தார். அந்தக் குளிரில் அவர் கழுத்து வேர்த்து ஆவி பறந்தது.

மேடம் ஓடிவந்து பார்த்துவிட்டு மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். அதுவரை படுக்கவிடாமல் நடத்தவேண்டும் என்றார். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு மணித்தியாலம் நடந்தார். துரை இழுபட்டு இழுபட்டுப் பின்னால் வந்தார். என் மாலை அறுந்து கடதாசி இதயங்கள் ஒவ்வொன்றாக விழ, அப்பா அதைக் கவனிக்காமல் அவற்றின் மேலேயே நடந்தார். “கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ ராசா,” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

வைத்தியர் ஓர் இளம் பெண். மூக்கால் குழாய் விட்டார், ஊசி போட்டார், தோள்வரை உறை போட்டுக்கொண்டு பரிசோதித்தார். என்ன தின்றது என்று கேட்டார். ஒரு பிடி சோறு என்றார் மேடம். ஒரு பிடிக்கு இப்படி வராது என்றார் வைத்தியர். அப்பா சேண அறைக்குப் போனார். அவர் துவாயை அவிழ்க்கும்போது நான் கதவடியில் நின்றேன். பானை கழுவி வைத்தது மாதிரி இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்பா வெளியே வந்து, மேடத்துக்கு முன்னால் நின்று, எனக்குத் தெரிந்தவரை அவர் டேனிஷில் பிழையில்லாமல் சொன்ன முதல் வசனத்தைச் சொன்னார். நான்தான் கொடுத்தேன். முழுவதையும்.

ஒரு பிடி என்று எனக்கு வாக்குத் தந்தாயே என்றார் மேடம். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நடுவில் போய் நின்று மொழிபெயர்க்கவேண்டியவள். அன்று அந்த இரண்டு பேருக்கும் இடையில் என்னைத் தவிர வேறு யாராலும் சொல்லமுடியாத ஒன்று இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுகிற நிமிஷம் எது என்று யாரும் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு துரை எழும்பவில்லை. இனி வைத்திருப்பது பாவம் என்றார் வைத்தியர். கயிற்றைத் தான் பிடித்துக்கொள்வதாக அப்பா கையால் காட்டிக் கேட்டார். மேடம் தலையசைத்தார். என்னைச் சேண அறைக்குள் போய் இருக்கச் சொன்னார்கள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேடம் அழுவது கேட்டது. அவர் வந்து முகம் கழுவிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரவேண்டியதில்லை என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார். அதை மட்டும் நான் சரியாக மொழிபெயர்த்தேன்.

அதற்குப் பிறகு அப்பா எந்தக் குதிரைக்குப் பக்கத்திலும் போகவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டில் ஜன்னலோரம் இருந்தார். செய்ய ஒன்றுமில்லாமல் அம்மாவின் சைக்கிளைக் கழற்றித் திரும்பப் பொருத்தினார். அந்த வாளித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றார். நான் படிக்கப் போய் ஓகூஸ் நகரத்தில் வேலை எடுத்துத் தங்கிவிட்டேன். துரையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்த முறை சொல்லிவிடவேண்டும், மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும் என்று ரயிலில் நினைத்துக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் அவர் தேநீர் போட்டுத் தருவார், வேலை எப்படி என்று கேட்பார், நாள் போய்விடும். போன வருஷம் அவரும் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அம்மாவோடு இருந்து அப்பாவின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னேன். சோற்றைக் கொடுத்தது நான் என்று. அம்மா ஆச்சரியப்படவில்லை.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும். அந்தக் குதிரை திங்கக்கிழமை போறதுக்கு இருந்தது தானே. லொறிக்கும் சொல்லிப்போட்டினமாம். போக முதல் ஒருக்கா பொங்கிக் குடுக்கிறன் எண்டு அப்பா அந்த மனிசியிட்ட மண்டாடிக் கேட்டவர். ஒரு பிடிக்கு மேல குடுக்கக்கூடாது எண்டு சொல்லித்தான் அவ விட்டவ. பிள்ளைக்குச் சொல்லவேண்டாம், அவள் தாங்கமாட்டாள் எண்டு அப்பா தான் சொன்னவர்.”

நான் கொல்லாவிட்டாலும் அது செத்திருக்கும். அந்த ஆறுதல் ஒரு சட்டையை மடித்து வைக்கும்வரை நிலைத்தது. பிறகு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. நெற்றியில் பொட்டோடு, வலியில்லாமல், இரண்டு நாளில் போயிருக்கவேண்டியவரை நான் நாலைந்து மணித்தியாலம் துடிக்க வைத்திருக்கிறேன். கெஞ்சி அனுமதி வாங்கும்போது ஒரு பிடி என்று கொடுத்த வாக்கை அப்பா காப்பாற்றியிருக்கிறார். காப்பாற்றவில்லை என்று மேடம் கடைசிவரை நம்பும்படி நான் விட்டிருக்கிறேன். அம்மா சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எழும்பிக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை இருட்டுகிற நேரம் நாங்கள் பஸ் தரிப்பில் இருந்தோம். அப்பாவின் மடியில் வெறும் பானை இருந்தது. அவர் ஜாக்கெட்டில் துரையின் மயிரும் வேர்வையும் ஒட்டியிருந்தன. எப்போது அடி விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாளும் என்னை அடித்ததில்லை. ஆனால் நானும் ஒருநாளும் ஒரு குதிரையைக் கொன்றதில்லை. அவர் கேட்டார்.

“முழுக்கச் சாப்பிட்டவரோ?”

“ஓம்.”

“விருப்பமாச் சாப்பிட்டவரோ?”

“ஓம் அப்பா. பானையையும் நக்கினவர்.”

அவர் தலையை ஆட்டினார். வாய் சிரிக்கிற மாதிரிப் போய்க் கோணிக்கொண்டது. முகத்தை வீதிப்பக்கம் திருப்பிக்கொண்டு, “நல்லது,” என்றார். விசாரணை முடிந்துவிட்டது, அடி இல்லை என்று நான் நினைத்தேன். கொடுக்க ஆசைப்பட்டும் வாக்குக்காகத் தன் கையால் மூடிவைத்த சோற்றைத் துரை ருசித்துச் சாப்பிட்டாரா என்று ஒரு மனிதன் கேட்கிறான் என்பது எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸின் வெளிச்சம் தெரிகிறதா என்று நான் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.